சுவரோரம் பத்து மில்லிமீட்டர்

1

அண்ணி வீட்டைவிட்டுப் போய் இருபத்தொரு நாளும் ஐந்து மணி நேரமும் ஆகின்றன. இந்தக் கதை பிறந்தது அதிலிருந்துதான். எனக்குப் பேச வராது. எழுதக் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

இப்போது மணி மூன்று. ஆறு மணிக்கு அண்ணன் அவளுடைய மீதித் துணிமணிகளை இரண்டு பெட்டிகளில் எடுத்துக்கொண்டுபோய் அவள் அம்மா வீட்டில் வைத்துவிட்டு வருவான். பெட்டிகள் போய்விட்டால் அண்ணி திரும்ப மாட்டாள். அதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

கதையில் என்னைத் ‘தங்கை’ என்று குறிப்பிடப் போகிறேன். மூன்றாம் ஆளாக இருந்தால் கூச்சமில்லாமல் திட்டலாம்.

2

முதல் தொடக்கம்: ‘ஒரு காலைப்பொழுதில் கூடத்துத் தரை கூடாரம் போல எழும்பி நின்றது.’

(பொய். அப்போது பிற்பகல் இரண்டு மணி. கண்ணாடிக் கதவு வழியாக வெயில் முழுதாக உள்ளே விழும் நேரம். ‘காலைப்பொழுது’ அழகாக இருந்ததால் போட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘தங்கைக்கு அந்தத் தரையைப் பற்றி எல்லாம் தெரியும், ஏனென்றால் அவள்தான்

(முடிக்க முடியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

மூன்றாவது, பாடம் மாதிரி: ஹைப்ரிட் பலகை என்பது கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்த அட்டை. மேலே மரத்தின் படம், அதன்மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். கீழே எதுவும் ஒட்டுவதில்லை. மொத்தத் தரையும் பாய் விரித்த மாதிரி சும்மா கிடக்கும்.*

* பராமரிப்பு: நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டவும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி போட்டால் கறை படியும். கீறல் விழுந்தால் அதே நிற மெழுகைத் தேய்த்து நிரப்பலாம். இவையெல்லாம் தரைக்கு. மனிதர்களுக்கு மெழுகு கிடைப்பதில்லை. (கடைசி வரி மலிவாக இருக்கிறது. அடித்துவிடவும்.)

3

தரை எழும்பிய அன்றே அம்மாவுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

“வாளி வாளியாத் தண்ணி ஊத்தித் துடைச்சா தரை என்ன பண்ணும்? மீன் வளக்கற மாதிரில்ல துடைக்கிறா.”

“பிழிஞ்சுதான் அத்தை துடைக்கிறேன்,” என்றாள் அண்ணி.

“நாலு மாசம் ஆகல வந்து. வீட்டையே பேத்துட்ட.”

அண்ணன் செல்போனில் எதையோ தேடினான். மூன்று நாளும் அதையேதான் தேடினான். தங்கை மேசையில் குனிந்து பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். இயற்பியலில் பட்டம் வாங்கியவள், மாலையில் டியூஷன் எடுப்பவள். அந்த வாரத்துக் கேள்வி: தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி விடுவது ஏன்?

(இதை நம்ப மாட்டீர்கள். கதாசிரியை வேண்டுமென்றே வைத்த கேள்வி என்பீர்கள். பாடத்திட்டம் அப்படி.)

4

நாலாம் நாள் காலை எட்டரைக்குத் தரைக்காரர் வந்தார். பலகை பதித்தவர் அவர்தான். முட்டி போட்டு, மேட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

“தண்ணி பட்டுதான்னு கேக்கறீங்களா? இந்தப் பலகைய தொட்டில ஊறப்போட்டாக்கூட உப்பாதும்மா.”

அண்ணியின் முகம் தெளிந்தது. அரை நிமிடத்துக்குத்தான். அவர் சுவரோர இடுக்கை மறைத்து ஆணியடித்திருந்த பட்டையை நெம்பி எடுத்தார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இடுக்கைத் தட்டிக் காட்டினார். டிக், டிக். கல் மாதிரி.

“பத்து மில்லி இடம் விட்டிருந்தேன். வெயில்ல தரை நீளும், நகர எடம் வேணும்ல? ரெண்டு பக்கமும் யாரோ பசை வச்சு அடைச்சிருக்காங்க. போக வழியில்லாம நடுவுல எழும்பிடுச்சு. பட்டை தீந்துபோய் நான் ஒரு வாரம் வரல பாருங்க, அப்ப நடந்திருக்கு. பட்டை அடிக்க வந்தப்பவாவது குனிஞ்சு பாத்திருக்கணும். என் புத்திய...”

“வேற யாரு அடைச்சிருப்பா?” என்றாள் அம்மா. “எறும்பு வருது எறும்பு வருதுன்னு பொலம்புனது இவதான்.”

தப்பு மாறியது. ஆள் மாறவில்லை.

“நான் அடைக்கல அத்தை.”

“அப்ப பேயா வந்து அடைச்சுது?”

அண்ணன் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தான். “விடேன். ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுது.”

“செய்யாததுக்கா?”

அண்ணி அவனைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள், வெகுநேரம். தங்கை தரையில் சிதறிக் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பன்னிரண்டு ஆணிகள். பத்து மணிக்கு அண்ணி ஒரு பையோடு வாசலைத் தாண்டினாள்.

தரைக்காரர் பசையை உளியால் செதுக்கி எடுத்தார். வரிசை வரிசையாகக் கழற்றி, நாக்கு உடைந்த மூன்று பலகைகளை மாற்றி, திரும்ப மாட்டினார். மதியத்துக்குள் தரை பழையபடி ஆகிவிட்டது. சொல்லப்போனால் அதுதான் எரிச்சல்.

5

முடிவுகள்.

அ) தரைக்காரர், ‘தப்பு என்னோடதுதான்’ என்று முழுப் பழியையும் ஏற்கிறார். கேட்டால் செய்யக்கூடிய மனிதர். அதனாலேயே கேட்கக் கூடாது.

ஆ) அண்ணி தானாகத் திரும்பி வருகிறாள். வாசகர்களுக்குப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்க நான் ஒரு தடவைகூட ஃபோன் செய்யவில்லை.

இ) நீங்களே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

.......................................................

நிரப்பிவிட்டீர்களா? காலியிடத்தைக் கண்டால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. தங்கைக்கும் அப்படித்தான். எறும்பு ஒரு சாக்கு. அவளுக்கு அந்த இடைவெளி அசிங்கமாகத் தெரிந்தது. ஐந்து மீட்டர் தரை, இருபது டிகிரி சூடு ஏறினால் நாலைந்து மில்லிமீட்டர் நீளும் என்று மனக்கணக்காகவே சொல்லக்கூடியவள், கணக்குப் போடாமல் கடைக்குப் போய்ப் பசைக் குழாய் வாங்கி வந்தாள். ஒரு பக்கத்தோடு விட்டிருந்தால் தரை மறுபக்கம் நகர்ந்து தப்பித்திருக்கும். அவள் ஒழுங்கானவள். இரண்டு பக்கமும் அடைத்தாள்.

‘தங்கை’ என்று எழுதினால் திட்டலாம் என்றேன். ஒளியவும் முடிகிறது என்பதைச் சொல்லவில்லை.

6

மணி ஐந்து ஐம்பது. அண்ணன் உள்ளே இரண்டாவது பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருக்கிறான். பேனாவை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். (இதிலிருந்து பிறகு எழுதியது.)

“அம்மா.”

“என்னடி?”

“தரையோரத்த அடைச்சது நான்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

“மெதுவாப் பேசு. உங்கண்ணன் காதுல விழுந்துடப்போகுது. நடந்தது நடந்துபோச்சு, இனிமே எதுக்கு? அவளுக்குத் தெரியவா போகுது?”

உள்ளே ஜிப் சத்தம் நின்றிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினேன்.

“அவங்களுக்கு அன்னைக்கே தெரியும்மா. பசைக் குழாயோட மூக்க வெட்டக் கத்தரிக்கோல் எடுத்துக் குடுத்ததே அவங்கதான்.”