பதினாலு கிலோ இருநூறு கிராம்

அரிசியை உலையில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அடுப்பு பொசுக்கென்று அணைந்துபோனது. இருதயம்மாள் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், கீழே படுக்கப்போட்டு உருட்டியும் பார்த்தாள். பொட்டுக் காற்று இல்லை. காலண்டரில் சிலிண்டர் வந்த தேதியைச் சுழித்து வைத்திருந்தாள். அங்கிருந்து எண்ணினால் இருபத்து மூன்று நாள்.

வீட்டில் ஐந்து பேர். கணவன் லூர்து விசைப்படகில் போனால் கரைக்கு வர எட்டு நாள், பத்து நாள் ஆகும். எப்படிச் சமைத்தாலும் ஒரு சிலிண்டர் இருபத்தேழு, இருபத்தெட்டு நாள் வந்துவிடும். பல வருடமாக அப்படித்தான். இப்போது தொடர்ந்து மூன்றாவது சிலிண்டர் இருபத்து மூன்றாம் நாளே கையை விரித்துவிட்டது.

பதிவு செய்ய போன் போட்டாள். தேனொழுகும் குரலில் ஒரு பெண் பேசினாள்: "முந்தைய விநியோகத்திலிருந்து இருபத்தைந்து நாட்கள் நிறைவடைந்த பின்னரே தங்களது அடுத்த பதிவு ஏற்றுக்கொள்ளப்படும். நன்றி."

"உன் நன்றிய நீயே வச்சிக்கோ," என்று போனை வைத்தாள் இருதயம்மாள்.

கேஸுக்குத் தட்டுப்பாடு, யாரும் பதுக்கக் கூடாது என்று அரசு போட்ட விதி அது. பதுக்குவதற்கு அவளிடம் இருந்தது பாதி வெந்த சோறுதான். இரண்டு நாள் பொறுத்து, பதிந்து, அதற்கு மேல் வண்டி வர நாலு நாள். ஆக ஆறு நாள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் சாலையில் கேஸ் டேங்கர் லாரிகள் இரவு பகலாக ஊர்ந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஆறு நாளும் இரண்டு வீட்டுச் சோறும் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் அடுப்பில் வெந்தது. பச்சையம்மா துறைமுகத்துக் கன்டெய்னர் கிடங்கு ஆபீஸில் வேலை பார்ப்பவள். புளியந்தோப்பிலிருந்து வாடகைக்கு வந்தவள். மனு எழுதக் கூலி கேட்காதவள்.

"எனுக்கும் இப்பிடித்தான் சீக்கிரம் தீருதுக்கா," என்றாள் பச்சையம்மா. "நம்ம கைதான் நீளம்னு நெனச்சுகினு கீறேன்."

"கை நீளம் நம்மளுதா, வேற எவனுதான்னு பாக்கறேன் இரு," என்றாள் இருதயம்மாள்.

ஏழாம் நாள் தீனா கேஸ் வண்டியோடு வந்தான். வந்ததும் போனுக்கு வந்த நம்பரைத்தான் முதலில் கேட்டான். கேட்டதும் சொன்னாள். அது தப்பு என்று பிறகுதான் உறைத்தது.

"எட போட்டுக் குடு தீனா."

"இன்னாக்கா புச்சா கேக்கற? மூடியப் பாரு, சீலப் பாரு. கம்பெனி சீலு."

"சீலு கீது. உள்ள இன்னா கீது?"

"கேஸுதான் கீது. பின்ன நெய்யா ஊத்தி வச்சிருப்பான்?"

"வண்டில தராசு வச்சிகினு வரணும்னு ரூல் கீதாமே?"

"கீதுக்கா. பேட்டரி பூட்ச்சி."

"என்னுது பேட்டரி போவல. தூக்குடா மேல."

வாசலில் அவளுடைய மீன் கடை. பலகை, கத்தி, மின்னணுத் தராசு, அவ்வளவுதான் கடை. முப்பது கிலோவரை தாங்கும் தராசு. இரண்டு வருடத்துக்கு முன்னால் தட்டுக்கு அடியில் சங்கராச் செதில்கள் அப்பிக்கொண்டு இருபது கிராம் கூடக் காட்டியதற்கு ஓர் அதிகாரி அவளுக்கு அபராதம் போட்டார். அன்றிலிருந்து தினமும் தட்டைக் கழற்றிக் கழுவித் துடைத்துத்தான் வியாபாரத்தைத் தொடங்குவாள். இருபது கிராம் மீனுக்கு அரசுக்கு அவ்வளவு கண்!

சிலிண்டரின் கழுத்து வளையத்தில் வெறும் சிலிண்டரின் எடை 15.6 என்று போட்டிருந்தது. அதற்குள் 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். கூட்டினால் 29.8. தராசு 27.9 காட்டியது. இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னாள். மறுபடியும் 27.9.

"ஒரு கிலோ தொள்ளாயிரம் எங்கடா?"

"மீன் நிறுக்கற தராசுல கேஸ வச்சா இப்பிடித்தான்க்கா காட்டும்."

"ஏன்டா, கேஸு நீச்சலடிச்சுகினு பூடுமா?"

பச்சையம்மாவுக்கும் அன்றுதான் சிலிண்டர் வந்திருந்தது. அவளுடையது கனமான சிலிண்டர், வளையத்தில் 16.1. நியாயமான எடையோடு இருந்திருந்தால் முப்பது கிலோவைத் தாண்டி, அந்தத் தராசு தாங்காமல் கோடுகோடாகக் காட்டி மக்கர் பண்ணியிருக்கும். பண்ணவில்லை. சாவகாசமாக 28.7 என்று காட்டிக்கொண்டு நின்றது.

"வாணாம்னா சொல்லு, எடுத்துகினு பூட்றேன்," என்றான் தீனா. "ஆனா நம்பர் அடிச்சாச்சு. சிஸ்டத்துல உனுக்கு டெலிவரி ஆயிட்ச்சு. அட்த்தது இருவத்தஞ்சு நாளு கழிச்சுதான்."

இருதயம்மாளுக்குக் காதுமடல் சுட்டது. விலை எத்தனை ரூபாய் எத்தனை காசு என்று அரசு சொல்கிறது. எத்தனை நாளைக்கு ஒன்று என்று அரசு சொல்கிறது. அந்த நாட்கணக்கே பதினாலு கிலோ இருநூறு கிராம் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டதுதானே? இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒருவருக்கும் கை எழவில்லை. குறைந்ததையும் கொடுத்துவிட்டு, சீக்கிரம் தீர்ந்தால் நீ அதிகம் எரித்தாய் என்று கதவையும் சாத்துகிறார்கள்.

சீலை உடைக்காமல் சிலிண்டரை அப்படியே வைத்தாள். தராசின் மேல் சிலிண்டரும் எண்ணும் தெரிகிற மாதிரி பச்சையம்மா போட்டோ எடுத்தாள், மனு எழுதினாள். மாதம் ஒருமுறை கேஸ் வாங்குவோருக்கு நடக்கும் குறைதீர் கூட்டம் அந்த வெள்ளிக்கிழமையே இருந்தது. அப்துல் வஹாபின் ஆட்டோவில் சிலிண்டரையும் தராசையும் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். சிலிண்டரை உள்ளே விடமாட்டேன் என்று காவலாளி சொன்னதால் அது ஆட்டோவிலேயே இருந்தது.

மேசைக்குப் பின்னால் வழங்கல் அதிகாரி அம்மா. அவருக்குப் பக்கத்தில் தராசுகளுக்கு முத்திரை போடும் ஆய்வாளர். எதிர் வரிசையில் ஏஜென்சி மேனேஜர் ஜெபின். தெற்கத்திப் பையன், மடிப்புக் கலையாத சட்டை.

"குறையுதுன்னு எதை வச்சுச் சொல்றீங்கம்மா?" என்றார் அதிகாரி.

"தராச வச்சுதான் மேடம்."

ஜெபின் மரியாதையாக எழுந்தான். "மேடம், போட்டோவுல முத்திரையைப் பாருங்க. போன வருஷத்துது. காலம் முடிஞ்ச தராசுல போட்ட எடையை நாங்க எப்படி ஏத்துக்கிடுவோம்?"

ஆய்வாளர் தராசைப் புரட்டிப் பார்த்தார். "ஆமா, ஜூன்லயே முடிஞ்சிருக்கு. உங்க பக்கம் முகாம் வச்சோமே, ஏன் வரல?"

"என்னிக்கு வச்சீங்க சார்? தடைக்காலம் முடிஞ்சு மொதப் படகு கரைக்கு வந்த அன்னிக்குத்தான வச்சீங்க?"

பின்வரிசையில் காசிமேட்டுக்காரர்கள் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அறுபத்தோரு நாள் மீன் இல்லாமல் கிடந்துவிட்டு, முதல் மீன் வந்த காலையில் தராசைத் தூக்கிக்கொண்டு முத்திரை வரிசையில் நிற்கும் மீன்காரி இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. மறுநாள் போகலாம் என்று இருந்தாள். மறுநாள் முகாம் இல்லை. பிறகு மறந்தேபோனாள்.

"அதெல்லாம் காரணம் இல்லம்மா. முத்திரை இல்லாத தராசுல வியாபாரம் பண்றது குத்தம். இதை நான் எடுத்துக்கணும்."

"நான் கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தவ சார்."

"அது வேற, இது வேற."

சட்டப்படி எல்லாம் நடந்தது. மாடியிலிருந்து எடைக்கற்கள் வந்தன. இருபது கிலோ வைத்தார்கள், இருபது காட்டியது. மேலே ஐந்து வைத்தார்கள், இருபத்தைந்து காட்டியது. ஆய்வாளர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். பச்சையம்மா அதை வாங்கி முதலிலிருந்து படித்தாள்.

ஜெபின் இருதயம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். "அக்கா, எதுக்கு வீண் அலைச்சல்? மனுவை வாபஸ் வாங்கிடுங்க. நான் சார்கிட்ட சொல்லுதேன், எச்சரிக்கையோட தராசை விட்டுருவாரு. உங்களுக்கு மட்டும் நல்ல சிலிண்டர் ஒண்ணு நானே அனுப்பி வைக்கேன்."

நாளை மறுநாள் ஞாயிறு. வாரத்தில் பாதி வியாபாரம் அந்த ஒரு காலையில்தான். தராசு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கடையா?  இருதயம்மாள் யோசிக்கத்தான் செய்தாள். அவன் 'உங்களுக்கு மட்டும்' என்றதுதான் தொண்டையில் முள்ளாக மாட்டியது. அப்படியானால் நல்ல சிலிண்டர் எது என்று இவனுக்குத் தெரியும்.

"அப்ப கெட்டது எதுன்னும் உனுக்குத் தெரியும். இல்ல தம்பி?"

 அவள் உள்ளே போனாள்.

"சார், எம்மேல கேஸ் எழுது. முத்திர போடாதது எந்தப்பு. இல்லன்னு சொல்லல. ஆனா நீ எழுதினத ஒருக்கா சத்தமா படிக்கச் சொல்லு."

பச்சையம்மா படித்தாள்: "மேற்படி தராசு சோதனை எடைகளுடன் ஒப்பிடப்பட்டதில் எடை சரியாக உள்ளது. முத்திரைக் காலம் மட்டும் முடிவடைந்துள்ளது."

"எட சரின்னு கவர்மெண்டே எழுதிட்ச்சா மேடம்? அப்ப இத்த மூட்ட கட்றதுக்கு மின்ன, இதும்மேல என் சிலிண்டர ஒருக்கா வையி. நீயே வையி. நான் தொடக்கூட மாட்டேன்."

அதிகாரி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் கூரையைப் பார்த்தார். கூடத்தில் மனுவோடு உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி எழுந்து, தராசை எடுத்துவரச் சொல்லி வாசலுக்கு வந்தார். அப்துல் வஹாப் சிலிண்டரை இறக்கித் தராசில் வைத்தான். 27.9.

"வர்ற வழியில லீக் ஆகியிருக்கலாம் மேடம்," என்றான் ஜெபின்.

"சீலு ஒடையாம கேஸு மட்டும் பஸ் ஏறிப் பூட்ச்சா?" என்றாள் பச்சையம்மா.

அதிகாரி எழுதினார். இரண்டு நாளில் மாற்றுச் சிலிண்டர் தரவேண்டும், மனுதாரர் முன்னிலையில் எடை போட்டுத் தரவேண்டும், ஏஜென்சி விளக்கம் அளிக்கவேண்டும்.

"நாளு மேடம்? அந்த இருவத்தஞ்சு நாள எங்கேர்ந்து எண்ணுவீங்க?"

"சிஸ்டத்துல பழைய தேதியிலிருந்துதான்மா போகும். அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"கொறையக் குடுக்கறவனுக்கு நாள் கணக்கு இல்ல, கொறைய வாங்கினவளுக்குத்தான் கணக்கா?"

அதிகாரி அடுத்த மனுவை எடுத்தார். தராசைச் சாக்கில் போட்டுக் கட்டி, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருதயம்மாள் பலகையில் சங்கராவையும் கெளுத்தியையும் கூறு கட்டி வைத்தாள். ஒரு கூறு ஒரு விலை. கிலோ கேட்டவர்களிடம், "தராசு கவர்மெண்டாண்ட கீது, போய்க் கேட்டு வாங்கியா," என்றாள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். பாதிப் பேர் அடுத்த கடைக்கு நடந்தார்கள். விற்பதற்கு வஞ்சிரம் வாங்கவே முடியவில்லை. அதைக் கூறு போட்டால் யார் எடுப்பார்கள்?

பத்து மணிக்குத் தீனா வந்தான். வண்டியில் புதுத் தராசு தொங்கியது. ஒரு சிலிண்டரை இறக்கி மாட்டினான். வளையத்து எடையோடு கூட்டிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது.

"போதுமாக்கா? பேஜாரு ஓஞ்சுதா? கையெழுத்து போடு, நான் கெளம்பறேன்."

"பச்சையம்மாளுது?"

"ஆர்டர் உம்பேருக்கு மட்டும்தான் கீது."

இருதயம்மாள் தண்ணீர் ததும்பும் மீன் அன்னக்கூடையை இழுத்து வண்டியின் முன்சக்கரத்துக்கு நேராக வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, இன்னாக்கா இது? நான் கூலிக்கு ஓட்றவன்க்கா. சுருக்கா போலன்னா எனுக்கு டோஸு."

"உம்மேல எனுக்குக் கோவம் இல்ல. வண்டில கீற அத்தினியும் எட போடு."

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வேறு வழியில்லாமல் தீனா மாட்டினான். முதலாவது சரி. இரண்டாவது ஒன்றரைக் கிலோ குறைவு. மூன்றாவது இரண்டு கிலோ. பதினெட்டில் பதினொன்று பிளாட்பாரத்தில் ஒதுங்கி நின்றன. பச்சையம்மா அவற்றைப் போட்டோ எடுத்து, வழங்கல் அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னாள். தீனா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜெபினுக்குப் போன் போட்டான்.  இருதயம்மாள் எட்டி அந்தப் போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, நான்தான் இருதயம்மா. எனுக்கு மட்டும் வந்துது, நல்லா கீது. பாக்கிப் பதினொண்ணு தெருவுல நிக்குது. மேடத்துக்கும் சொல்லியாச்சு. வந்துகினு கீறாங்க. நீயும் வா."

போனைத் தீனாவிடம் கொடுத்துவிட்டு, காத்திருந்த ஒருவருக்குக் கெளுத்திக் கூறை எடுத்துப் பையில் போட்டாள்.