வேர்த்த குழாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை இலங்கை மலைநாட்டு டிக்கோயா பஸ்ஸில் பிறந்தது. ஜன்னலுக்கு வெளியே, எங்கள் தோட்டத்துப் பழைய இரும்புக் குழாயின் ஒரு துண்டு ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்தது. அதன்மேல் ஓர் ஆடு நடந்து போனது. அடப்பாவமே! மலையுச்சித் தொட்டியிலிருந்து மைல் கணக்கில் இறங்கிவந்து, தேயிலை ஆலையின் சக்கரத்தையே சுழற்றிய குழாய் அது. அதன் இரைச்சலில்தான் நாங்கள் தூங்கினோம். இப்போது மெத்தையில் படுத்தாலும் அந்தத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

2

தொடக்கம்: "ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் மலை சரிந்து, ராட்சதப் பாறை ஒன்று..." வேண்டாம். பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: ஆண்டியப்பன் குழாயைச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்தார். இது தேவலை.

ஆண்டியப்பன் தோட்டத்துப் பிட்டர், குழாய் பழுதுபார்ப்பவர். அந்த வெள்ளத்தில் உருண்ட பாறை குழாயை நசுக்கியிருந்தது. நசுங்கிய இடத்துக்கு நேர் கீழே லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அங்கேதான் அவர் மனைவி வேலாயி இருந்தாள், பிள்ளை பெற்று வாரம்கூட ஆகவில்லை.*

குழாய் தாங்குமா? நசுங்கலில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்தார். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு விழும். நல்ல வழிதான். ஆனால் நம் மலையில் மூடுபனி என்று ஒன்று இருக்கிறதே! உள்ளே ஓடிய குளிர்ந்த நீரில் குழாய் முழுக்க வேர்த்துவிட்டது. சுண்ணாம்பு எங்கும் ஈரம். கசிவா, வேர்வையா? அவருக்குத் தெரியவில்லை.

*பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை வாசல் தாண்டமாட்டாள். பனி பட்டால் சன்னி வரும் என்பார்கள். அந்தப் பிள்ளை நானில்லை. உங்கள் சந்தேகத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

3

ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கனகலிங்கம் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். (இவரைக் கெட்டவராக எழுத நினைத்தேன், மனம் வரவில்லை. மேலே துரை, கீழே கெட்டுப்போகும் கொழுந்து. அவரும் என்னதான் செய்வார்?)

"என்ன ஆண்டியப்பன், இன்னும் தட்டிக்கொண்டே நிக்கிறீர்? கொழுந்தெல்லாம் பழுதாகுது. முழுத் தண்ணியையும் திறவும்."

"தாங்கும்னு சொல்ல வாய் வரலீங்க ஐயா. லயத்து ஆளுகள வெளிய எடுத்துட்டுத் தொறப்போம்."

"உம்மட சொல்லுக்கு அதுகள் வருங்களோ? போன மழைக்கும் இப்பிடித்தானே சொன்னனீர்? சரி, கூப்பிட்டுப் பாரும். பகல் சங்கு ஊதினவுடன நானே திறப்பன்."

ஆண்டியப்பன் ஓடிப்போய்க் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு வீரய்யா அடுப்படியிலிருந்தே சிரித்தார். "போன மழைக்கும்தான் ஊரக் கூட்டுனீங்க. குழாயா வெடிச்சுச்சு?" அந்தக் குளிரில் ஒருவரும் அசையவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. தீட்டுக் கழியாத வேலாயி கைப்பிள்ளையோடு வெளியே வந்து நின்றால், அதைப் பார்த்த பிறகு ஒருத்தரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள்.

4

முடிவு ஒன்று: வந்தாள், குழாய் வெடித்தது, லயம் போனது, சனம் பிழைத்தது. [கைதட்டுவீர்கள். அதுதான் எனக்குச் சங்கடம்.]

முடிவு இரண்டு: வந்தாள், குழாய் தாங்கியது. பொழுது சாய்ந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு...

மூன்று: வரவில்லை. அப்புறம்

இல்லை, என்னால் முடியாது. அந்த வாசல்களெல்லாம் எனக்குத் தெரியும். ரொட்டி சுடும் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. அதையெல்லாம் ஒரே வரியில் அடித்துக்கொண்டு போக எனக்குக் கை ஓடவில்லை, ஐயா.

ஆண்டியப்பன் வாசலில் நிற்கிறார். வேலாயி பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"குழாயப் பத்தி எனக்கு என்னாங்க தெரியும்? நீங்க வான்னா வாறேன். வரவா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லுங்க."

சங்கு ஊதப்போகிறது. அவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கிறது, பிள்ளைக்குக் குளிர் ஆகாது.