ஜெக்கரியா ஜூஸர் பார்த்த விதம்

ஜெக்கரியா துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகக் கூத்தாநல்லூருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் பெண்சாதி ஜன்னத் பீவிக்கு மனுசன் இன்னும் பிடிபடவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. இந்த ஆறு மாதத்தை விட்டுவிட்டுக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவள் புருசனோடு இருந்தது முழுசாக இரண்டு வருசம்கூடத் தேறாது. அங்கே என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனி ஆபீஸ்ல" என்பார். அதற்கு மேல் கேட்டால் வாய்க்குப் பூட்டு. அவளும் தெருவெல்லாம் அதையே சொல்லிவைத்திருந்தாள். இப்போது சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. யாரோடு குடும்பம் நடத்துகிறோம் என்று தெரிந்துகொள்ளாமலே மவுத்தாகிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமே வந்துவிட்டது.

நோன்புக்குப் பத்து நாள்தான் இருந்தது. நோன்பு திறக்க வீட்டில் எப்படியும் பத்துப் பேர் உட்காருவார்கள். பழத்தை மிக்ஸியில் அடித்து வடிகட்டி வடிகட்டியே போன வருசம் அவளுக்குக் கை விட்டுப்போயிருந்தது. "ஜூஸர் ஒண்ணு எடுப்போம், வாங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு திருவாரூருக்குப் பஸ் ஏறினாள். அறுப்பு முடிந்து வழி நெடுக வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையில் மேகலா என்கிற பெண் மூன்று மெஷின்களை எடுத்து மேசையில் வைத்தாள். "இது மெதுவாச் சுத்தும்க்கா, சத்து போவாது. பதினாலாயிரம். நடுவுல உள்ளது நாலாயிரத்து இருநூறு. இந்தக் கடைசி, ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"அடேயப்பா, பதினாலாயிரமா? கடைசிய ஓட்டிக் காட்டும்மா" என்றாள் ஜன்னத்.

மேகலா ஒரு சாத்துக்குடியை அரைகுறையாக உரித்துக் குழாயில் திணித்து, கட்டையால் அழுத்தினாள். மெஷின் கிறீச்சென்று கத்திக்கொண்டு மேசைமேல் நகர்ந்தது. அவள் இன்னும் அழுத்தினாள்.

"நிறுத்தும்மா! மோட்டார் அழுவுது!"

கத்தியது ஜெக்கரியா. இந்த மனுசனுக்கு இவ்வளவு தொண்டை இருப்பதே ஜன்னத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மெஷினைக் கழற்றிப்போட்டார். சல்லடையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சக்கையை ஒரு பிடி அள்ளி இறுக்கினார். சாறு முழங்கைவரை வழிந்தது.

"பாத்தியா? பாதி ஜூஸு சக்கையோட போவுது. மெஷின் சல்லிசுன்னு வாங்கிட்டு, தெனம் பழத்துக்கு தண்டம் அழுவணும்." பெரிய மெஷினைத் தட்டிக்கொடுத்தார். "இது நல்ல சாமான்தான். ஆனா கழுவுறதுக்கே எட்டு உருப்படி. பாங்கு சொல்ற நேரத்துல பத்துப் பேருக்கு இது ஈடுகொடுக்காது."

நடு மெஷினை வெறுமனே ஓடவிட்டு, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். "ம்... இது உழைக்கும். சல்லடை தனியா கிடைக்குமாம்மா?"

"இங்கயே இருக்கு, பாய்."

அப்புறம் கத்தியை எடுத்தார். யா அல்லாஹ், அதை எப்படிச் சொல்வது! கத்தி நகர்வதே தெரியவில்லை, தோல் ஒரே நாடாவாகச் சுருண்டு இறங்கியது. ஒரு பழம், இன்னொரு பழம், இன்னொன்று. இடது கை பழத்தைப் போட்டது, வலது கை டம்ளரை மாற்றியது, மேசையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறு டம்ளர் வரிசையாக, ஒரே அளவாக நின்றன. ஃபேன் வாங்க வந்தவர்களும் அடுப்பு வாங்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். சக்கையைப் பிழிந்து காட்டினார். உமி மாதிரி உதிர்ந்தது.

ஜன்னத்துக்குத் திறந்த வாய் மூடவில்லை. இந்தக் கையா ஆறு மாதமாக மடியில் சும்மா கிடந்தது? மாடி வீடு, மகள் நிலோஃபரின் காலேஜ், தன் கையில் கிடக்கிற வளையல் எல்லாம் இந்தக் கை நின்றபடியே பிழிந்ததுதான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எங்க பாய் கத்துக்கிட்டீங்க?" என்றாள் மேகலா.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது. முகம் செத்துப்போனது. "துபாய்ல... ஒரு ஆபீஸ்ல..."

"ஆபீசும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் ஜன்னத், கடை முழுக்கக் கேட்கும்படி. "எங்க மச்சான் ஜூஸ் மாஸ்டர்! இருபத்திரண்டு வருசம்!"

அவர் நிமிரவில்லை. "பொண்ணு கேட்டப்ப எங்க அத்தா ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது, ஜன்னத்து?"

"நல்லா இருக்கு நாயம்! ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஊத்திக் கொடுத்துட்டு, கட்டுனவளுக்கு ஒரு கிளாஸ் இல்ல. எனக்கு அதுதான் ஆத்திரம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெக்கரியா புது டம்ளர் ஒன்றை அலசி, இரண்டு பழத்தைப் பிழிந்து நிரப்பினார். மேகலா சீனி டப்பாவை நகர்த்தினாள். ஸ்பூனில் அள்ளியவர் போடாமல் நின்றார். முதல் தடவையாக ஜன்னத்தின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உனக்குச் சீனி எத்தனை ஸ்பூனு?"

"ரெண்டு" என்றாள் ஜன்னத். "மறந்துறாதீங்க."