கருப்பு பெயிண்டுக்கு அடியில்

ஜின்சிக்கு எளிதில் குமட்டாது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸ். சீழும் ரத்தமும் துடைத்த கையைக் கழுவிக்கொண்டு வந்து, மீன்குழம்பை ஊற்றி நிதானமாகச் சாப்பிடுகிறவள். அப்படிப்பட்டவளுக்குப் பார்வதிபுரத்தில் டைட்டஸின் கார் சாமான் கடையில் அந்தக் கருப்பு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிய மறுகணமே வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது.

மேலாக ஒரு வாசனை இருந்தது. காருக்குள் அடிக்கிற மல்லிகை ஸ்பிரே. அதற்குக் கீழே வேறு ஒன்று, பழைய வியர்வையும் ஊசிப்போன ஈரத்துணியும் சேர்ந்தது போல.

"எப்படி இருக்கு தங்கச்சி? உனக்க மண்டைக்குன்னு செஞ்சது போல இல்லியா?" என்றான் டைட்டஸ். வாயில் வெற்றிலைச் சாறு நிறைந்திருந்ததால் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு பேசினான்.

"நாறுகு" என்றாள் ஜின்சி.

"ஸ்டாக்குல கிடந்தது. ரெண்டு நாள் வெயில்ல வெச்சா போயிரும்."

அவள் கணவன் ஷிஜின் கடை வாசலில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

துபாய் வேலை போய் ஊர் திரும்பியதிலிருந்து ஷிஜினுக்கு இந்தக் கார்ப் பைத்தியம். டைட்டஸ் ஒரு கூட்டம் சேர்த்து வைத்திருந்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லோரும் கோயம்புத்தூர்ப் பக்கம் போய், ரேஸ் ஓடுகிற டிராக்கை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, போட்டி ஒன்றும் இல்லாமல் அவரவர் காரை அவரவர் ஆசைக்கு விரட்டுவார்கள். டிராக் டே என்று பெயர். ஷிஜின் விரட்டியது ஜின்சியின் காரை. அவள் சம்பளத்தில் வாங்கியது, அவள் பெயரில் இருந்தது.

மார்ச் மாதம் போனபோது, சும்மா ஒரு தடவை என்று இரவல் ஹெல்மெட்டில் அவளும் ஓட்டினாள். மூன்றாவது சுற்றில் ஷிஜினை விட வேகமாக வந்துவிட்டாள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. "பொண்டாட்டி முந்திட்டாளே மக்கா" என்று டைட்டஸ் அவன் முதுகில் தட்டினான். திரும்பி வரும் வழியில் ஆரல்வாய்மொழி தாண்டும்வரை ஷிஜின் வாய் திறக்கவில்லை. திறந்தபோது காற்று காரை இழுக்கிறது என்று மட்டும் சொன்னான்.

ஜின்சிக்கு அந்த மூன்று சுற்றும் உடம்பை விட்டுப் போகவில்லை. அடுத்த முறை ஒழுங்காக ஓட்ட வேண்டும், தனக்கென்று ஹெல்மெட்டும் கழுத்துக்குக் காப்பும் வேண்டும் என்றாள். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் போனில் அதைப்பற்றியே படித்தாள். ஷிஜினுக்கு அவன் கூட்டாளி துபாயிலிருந்து புது ஹெல்மெட்டும், தோளில் மாட்டுகிற கழுத்துப் பிடிமானமும் கொண்டுவந்திருந்தான். அவளுக்கு? "டைட்டஸ்கிட்ட ஒண்ணு கிடக்கு, புதுசு போலத்தான்" என்று ஷிஜின்தான் இங்கே கூட்டிவந்தான்.

"கழுத்துக்கு?" என்று கேட்டாள் ஜின்சி, ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

டைட்டஸ் அலமாரியிலிருந்து ஸ்பாஞ்சு வளையம் ஒன்றை எடுத்துப் போட்டான். "இதக் கழுத்துல சுத்தினா மண்டை அனங்காது, அப்பிடியே நிக்கும்."

"இது கோ-கார்ட்டுன்னு குட்டிக் கார் ஓட்டுகவங்க போடுகது. கார் நேரா போய் இடிச்சா உடம்ப பெல்ட் பிடிச்சிக்கிடும், தலை முன்னால பறக்கும். அத இந்த ஸ்பாஞ்சா பிடிக்கும்? தோள்ல உக்காருகது வேணும். அதுக்க ரெண்டு வாரும் ஹெல்மெட்டுக்க ரெண்டு பக்கமும் மாட்டணும். இந்த ஹெல்மெட்டுல மாட்டுகதுக்குத் துளையே இல்லியே."

"இவ்வளவும் எங்க படிச்சா உனக்க பொண்டாட்டி?" டைட்டஸ் ஷிஜினைப் பார்த்துச் சிரித்தான். பல்லிடுக்கில் பாக்கு ஒட்டியிருந்தது. "தங்கச்சி, நீ ஓட்டுகது மூணு ரவுண்டு. அதுக்கு இது போதும்."

ஜின்சி ஹெல்மெட்டைத் திருப்பினாள். உள்ளே இருந்த துணிமெத்தையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். டைட்டஸ் "ஏய், அதப் பிய்க்காத" என்று எட்டுவதற்குள் மெத்தை கையோடு வந்துவிட்டது.

அதன் கீழே தலையைத் தாங்குகிற தெர்மோகோல். நெற்றிப் பக்கத்தில் அது நசுங்கிப் பள்ளமாகியிருந்தது. பள்ளத்துக்கு மேலே ஒரு விரிசல். விரிசலில் மஞ்சள் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். பசைக்குள் குட்டையான முடிகள் சில, ஈ ஒட்டிக்கொண்டதைப்போல. சுற்றிலும் தேயிலைக் கறை நிறம். அது தேயிலை இல்லை என்று சொல்ல அவளுக்கு யாரும் தேவையில்லை.

தாடைப்பட்டை சேருகிற இடத்தில் நகத்தால் சுரண்டினாள். கருப்பு பெயிண்டு தோலாக உரிந்தது. அடியில் ஆரஞ்சு.

அந்தக் கூட்டத்தில் ஆரஞ்சு ஹெல்மெட் வைத்திருந்தவன் ஒருவன்தான். ஆபேல். போன வருடம் டிராக்கில் பிரேக் பிடிக்காமல் தடுப்புச்சுவரில் போய் மோதியவன். கழுத்தெலும்பு முறிந்து, கம்பியும் திருகாணியும் வைத்துப் பிழைத்தவன்.

"இது ஆபேலுக்க ஹெல்மெட்டு" என்றாள்.

டைட்டஸ் எழுந்துபோய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தான். வாய் காலியானதும் பேச்சு தாராளமாக வந்தது. "அவனுக்கு உடைஞ்சது கழுத்து. மண்டை தப்பிச்சுதே? அப்ப ஹெல்மெட்டு நல்ல ஹெல்மெட்டுன்னுதானே அர்த்தம்? வெறுதே தூரக் களையச் சொல்லுகியா?"

"ஒருக்கா அடிவாங்கினா இது செத்த சாமானம். அடுத்த அடிய இது தாங்காது."

"நீ எதுக்கு அடி வாங்கப்போற?"

"ஜின்சி, விடு" என்று ஷிஜின் உள்ளே வந்தான். "ஆளுவ பாக்காவ. ஒரு நாளைக்குத்தானே? ஷாம்பூ போட்டு ரெண்டு மட்டம் நல்லா கழுவினோம், அப்பறமும் நாறுகுன்னா என்ன செய்ய?"

"கழுவினோமா?" என்றாள் ஜின்சி.

ஷிஜினின் முகம் வெளுத்துப்போனது. டைட்டஸ் மேசையில் கிடந்த பில்களை அடுக்கத் தொடங்கினான்.

பின்சுவரில் இரும்பு அறுக்கிற ரம்பம் தொங்கியது. ஜின்சி போய் அதை எடுத்தாள். கடைவாசல் படியில் ஹெல்மெட்டை வைத்து, முழங்காலால் அழுத்திப் பிடித்து, உச்சியில் ரம்பத்தை வைத்து இழுத்தாள்.

"ஏய்! எனக்க சாமானம் அது!" டைட்டஸ் ஓடிவந்தான்.

"உனக்கதா? கிட்ட வா, ஆபேலக் கூப்பிட்டுக் கேப்போம் யாருக்கதுன்னு."

அவன் நின்றுவிட்டான். எதிர்க் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வெள்ளைத் துகள் அவள் சேலையெல்லாம் கொட்டியது. பாதி அறுத்தபோது உரசலின் சூட்டில் உள்ளே ஊறிக் கிடந்த நாற்றம் மொத்தமாகக் கிளம்பி முகத்தில் அடித்தது. ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். ஷிஜின் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் கையில் இருந்து அதை வாங்கக் கூசியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிவந்து, மீதியையும் அறுத்து முடித்தாள். இரண்டு துண்டையும் இனி யாரும் யாருக்கும் விற்க முடியாது.

அங்கிருந்து பஸ் ஏறி நேரே தக்கலைக்குப் போனாள். ஆபேல் அங்கே மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. நாற்காலியோடு உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"களைஞ்சிட்டேன்னு டைட்டஸ் எனக்கிட்ட சொன்னான்" என்றான். "முடி இருந்துதா?"

"இருந்தது."

"சவம்" என்றான் ஆபேல். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. "நிறம் பாத்துதான் நான் அத வாங்கினேன். வீடியோல பளிச்சுன்னு தெரியும்னு. கழுத்துக்கு ஒண்ணு வேணும்னு ஒருத்தனும் சொல்லல்ல. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேற." பிறகு கண்ணை மட்டும் உயர்த்தினான். "ஷிஜினுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில எனக்கு மூணு நாள் கஞ்சி கோரித் தந்தவன் அவன்தானே."

ஜின்சி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பசைக்குள் பார்த்த முடியை விட, கரண்டி பிடித்த அந்தக் கையும் ஷாம்பூ பிடித்த கையும் ஒன்றே என்பதுதான் இப்போது அவள் தொண்டையில் நின்றது.

அன்று மாலை ஷிஜின் தன் புது ஹெல்மெட்டை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தான். "இத நீயே போட்டுக்க." மாட்டிப்பார்த்தாள். தலையை அசைத்தால் ஹெல்மெட் தனியாக ஆடியது. பின்னாலிருந்து மேலே தள்ளினால் கழன்று முன்னால் வந்தது. அவள் தலைக்கு அது பொருந்தாது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தே கொடுக்கிற தாராளம். கழற்றி அவன் மடியில் வைத்துவிட்டு, துணி நாலு எடுத்துக்கொண்டு, காரில் முட்டத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள்.

லீவு போட்டுக் கோயம்புத்தூருக்குத் தனியாகத்தான் போனாள். ரேஸ் சாமான் விற்கிற கடையில் முதலில் புருவத்துக்கு மேலே டேப் சுற்றி அளந்தார்கள். ஏழெட்டு ஹெல்மெட் மாட்டினாள். கன்னத்தை அழுத்திப் பேச்சு குழறுகிற அளவுக்கு இறுக்கமானது ஒன்று. ஆட்டினால் முகத்தோலும் கூடவே அசைந்தது. அதையே போட்டுக்கொண்டு கடைக்குள் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், எங்காவது குத்துகிறதா என்று. குத்தவில்லை. கழுத்துப் பிடிமானமும் வாங்கினாள். காரில் இருக்கிற சாதாரண பெல்ட்டோடு அது வேலைக்காகாது என்றதால், இரண்டு தோளையும் பிடிக்கிற பெல்ட்டும் அதற்கான சீட்டும் ஒரு ஒர்க்ஷாப்பில் பொருத்தச் செய்தாள்.

செப்டம்பரில் வேறு ஒரு கூட்டத்தோடு ஓட்டினாள். ஒரு வளைவில் கார் வழுக்கி மண்ணுக்குள் போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி கிளப்பிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஷிஜின் முட்டத்துக்கு வந்தான். அம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மன்னிக்கச் சொன்னான். டைட்டஸோடு பேச்சுவார்த்தை விட்டாச்சு என்றான்.

"ஒண்ணு கேக்கேன்" என்றாள் ஜின்சி. "அதக் கழுவும்போ என்ன நினைச்சிய? நான் முந்தினதுக்கான கோவமா? நான் அடிபட்டா படட்டும்னா?"

"ஐயோ, இல்ல! சத்தியமா இல்ல." அவன் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணும் நினைக்கல்ல. உனக்கு இது போதும்னு தோணிச்சு, அவ்வளவுதான்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் என்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், ஒருநாள் அது தணிந்தும் இருக்கும். இதை என்ன செய்வது?

அவன் காப்பியை ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்டது. அவளால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. "டூட்டிக்கு நேரமாச்சு. குடிச்சிட்டுக் கிளம்புங்க. இனி வராண்டாம்" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.