திருப்பிய பக்கம்

லரீபா நீட்டிய கரண்டியை அவள் கணவர் றஹீம் வாயைத் திறக்காமல் தலையாட்டித் தள்ளினார். கஞ்சி தாடியில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். நெஞ்சு வியாதிக்காரரோடு மாதக்கணக்கில் விழித்திருந்ததில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"மொதல்ல அதப் பாப்பம். பொறகு குடிக்கிறன்."

அது என்றால் ஜன்னலோரம் இருந்த பெட்டி. பதுளைக் கடைத்தெருவில் கடிகாரம் திருத்தியவர் றஹீம். காது மந்தமானபோது, கடிகாரத் துடிப்பைப் பெரிதாக்கிக் கேட்க அவரே செய்தது. பழைய தொலைபேசியின் வாய்க்குழலில் கடிகாரத்தை வைத்தால், கிராமபோன் குழாயில் அது டக் டக்கென்று அதிரும். தேயிலைப் பெட்டி ஈயத்தாளையும் மெழுகுத்தாளையும் சேர்த்துச் சுருட்டி, மின்சாரத்தைத் தேக்கும் கண்டென்சரும் தானே செய்திருந்தார். சண்டை அந்தச் சுருளைப் பற்றித்தான். அதைத் தலைமாற்றிப் பூட்டினால் சத்தம் தெளியும் என்பார் றஹீம். தேயிலை பெக்டரியில் எஞ்சின் பார்க்கும் லரீபாவின் தம்பி ஷுக்ரி, எப்படிப் பூட்டினாலும் ஒன்றுதான் என்பான். இதனாலேயே போன நோன்புப் பெருநாளைக்கு அவன் இந்த வீட்டுக்கு வரவில்லை.

இன்று வந்திருந்தான்.

"லரீபா, நீ போய்த் திருப்பு. இல்லாட்டித் திருப்பாம வை. எப்பிடி வெச்சாயெண்டு எங்களுக்குச் செல்லாத. கேட்டுட்டு நாங்க செல்றம்," என்றார் றஹீம்.

ஷுக்ரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். றஹீம் கண்ணை மூடினார். லரீபா திருகாணியைத் தளர்த்தினாள். சுருளைக் கழற்றி மறுபடி மாட்டத் தெம்பில்லை. திருப்பாமல் அப்படியே திருகி இறுக்கிவிட்டுக் கடிகாரத்தை வைத்தாள்.

குழாய் துடித்தது.

"ஒண்டும் மாறல்ல," என்றான் ஷுக்ரி.

"மாறிட்டு!" றஹீம் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "கதவத் தொறந்தாப்போல கேக்குதே. உனக்குக் கேக்கல்லியா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கணவனின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"திருப்பினன்," என்றாள்.

றஹீம் சிரித்தார். இருமலோடு சிரித்தார். கஞ்சியைக் கிண்ணம் காலியாகும்வரை குடித்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மூச்சு இழுத்தது, பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அடங்கிவிட்டது.

றஹீமின் மையத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டார்கள். தூக்கப் போகும் நேரம் ஷுக்ரி அடுக்களை வாசலுக்கு வந்து, தாத்தா என்றே தான் கூப்பிடும் அக்காளிடம் மெதுவாகக் கேட்டான்.

"தாத்தா, நெசமாத்தான் திருப்பினீங்களா? எனக்கு ஒண்டுமே வித்தியாசம் தெரியல்ல."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"மச்சானோட பெருநாளும் அதுவுமா பேசாம இருந்துட்டன்," என்றான். குரல் உடைந்தது. "அவர் செல்லினது சரியெண்டா..."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. உள்ளே மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியின் மூடியை வைக்கும் சத்தம் கேட்டது.

"திருப்பினன் தம்பி. நீ போய் முன்பக்கம் புடி."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். கலிமாச் சத்தம் தெருவில் இறங்கித் தேய்ந்தது.

பெண்கள் பாய் விரித்தார்கள். லரீபா சும்மா சாய்ந்தாள். மைத்துனி ஸல்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்தபோது, அவள் வாய் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஸல்மா கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.