வாலுவுக்குக் கொஞ்சம் மண்

என் தங்கைக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தையல் மிஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கோ வாய் ஓயாது. அவள் மௌனம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பால்கனியில் இருந்த அரளியை ஒரு பச்சைப் புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. விரல் பருமன், தலைக்குப் பின்னால் கண் மாதிரி இரண்டு நீலப் புள்ளி, கடைசியில் நீட்டிக்கொண்டு ஒரு வால். நசுக்கலாம் என்று செருப்பைக் கழற்றினேன்.

"விடுக்கா, பாவம்," என்றாள் பின்னாலிருந்து. அவள் தானாக எழுந்து வந்தது அன்றுதான்.

வாலு என்று பேர் வைத்துக் கண்ணாடி ஜாடியில் வளர்த்தாள். அதற்கு இலை போட்ட கையோடு தானும் நாலு வாய் சாப்பிட்டாள். "எனக்கு இந்த வீட்ல இப்படி ஒரு கவனிப்பு உண்டா?" என்றார் என் வீட்டுக்காரர். நானும் என் பங்குக்கு ஜாடியைத் தினமும் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

ஒருநாள் காலையில் வாலு பழுப்பாகியிருந்தது. இலையைத் தொடவில்லை. ஜாடிக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது.

"இதுவும் என் கையில தங்கலக்கா."

"வாயக் கழுவு!" என்று கத்திவிட்டுப் போனில் தேடினேன். நீலக் கண், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, வால் எல்லாம் பொருந்தியது. அரளி இலை தின்னும் அந்துப்பூச்சி. சாகவில்லை. கூட்டுப்புழுவாகும் முன்பு நிறம் மாறி, ஒளிந்துகொள்ள மண்ணும் சருகும் தேடுமாம். நான்தான் தூசி தும்பு இல்லாமல் துடைத்து வைத்திருந்தேனே! என்மேலேயே எரிச்சல் வந்தது.

மண்ணும் சருகும் கொட்டி, பூச்சியாகி வந்ததும் ஏற ஒரு குச்சியும் வைத்தேன். வாலு உள்ளே போய்ப் பழுப்புக் கொட்டை மாதிரி ஆனது. தங்கை தினமும் தண்ணீர் தெளித்தாள். அது வராவிட்டால் இவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

வந்தது. ஈரமாய்ச் சுருங்கிய சிறகோடு குச்சியில் தொங்கியது. "ஊனமா இருக்கேக்கா," என்று அவள் விரித்துவிடப் போனாள்.

"தொடாத. அதுவே விரிக்கும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பச்சையும் ரோஜா நிறமுமாகச் சிறகு மெல்ல விரிந்தது.

பொழுது சாய்ந்ததும் ஜன்னலைத் திறந்தாள். அது உடம்பு சூடேறும்வரை நடுங்கிவிட்டுச் சட்டென்று பறந்தது.

"போயிட்டு வா, வாலு."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ தச்ச சட்டையப் போட்டுத்தான் குழந்தையக் கொண்டுபோனாங்க. அப்ப ஒரு 'போயிட்டு வா'கூட நான் சொல்லலக்கா."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.