பதினாறு அடி ஆழம்

மலைப்பனி உருகத் தொடங்கினால் ஏரி பாலைவனத்துக்குள் ஏறி வரும். போன கோடையில் மாடுகள் மேய்ந்த இடத்தின் மேல் இப்போது மார்னியின் கயாக் படகு நின்றுகொண்டிருந்தது. மூழ்கிப்போன சீமைக்கருவேல மரங்களின் உச்சிக் கிளைகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன. கரையோரத் தூண்கள்ளி ஒன்று இடுப்பளவு நீரில் நின்றது.

மார்னிக்குத் தாமிரச் சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாறைத் தூளை அமிலத்தில் கரைத்து அதில் தாமிரம் எவ்வளவு என்று பார்ப்பாள். அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை. கணவன் பிரிந்துபோனபோது நாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை மாலை கூடத்தைப் பூட்டினால் திங்கள் காலை வரை அவள் குரல் அவளுக்கே கேட்காது.

சனிக்கிழமைகளில் ஏரியின் இந்தக் குடாவுக்குக் கிராப்பி மீன் பிடிக்க வருவாள். அதே குடாவுக்குப் பச்சைக் கயாக்கில் ஒரு பெரியவரும் வருவார். துடுப்பைத் தூக்கிக் காட்டுவார். அவளும் காட்டுவாள். அவ்வளவுதான் பழக்கம். இரண்டு வசந்தம் இப்படியே போயிற்று. போன நவம்பரில் அவர் வருவது நின்றது. குளிர்காலம் முழுக்க அந்தக் குடாவில் அவள் மட்டும்தான்.

ஒருநாள் தூண்டில் கடையில் கேட்டுப் பார்த்தாள்.

“யாரைக் கேக்குற?” என்றாள் கடைக்காரி.

“பச்சைக் கயாக்ல வருவாரே, பெரியவர் ஒருத்தர்.”

“பச்சைக் கயாக்ல வர்ற பெரியவர் இந்த ஊர்ல பாதிப் பேரு. பேரைச் சொல்லும்மா.”

மார்னியிடம் பெயர் இல்லை. தேவைப்படாத இரை டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் செத்திருந்தாலும் தெரிந்துகொள்ள வழி கிடையாது. தனக்கு ஏதாவது ஆனாலும் அவருக்கும் அப்படித்தான்.

இன்று காலை பச்சைக் கயாக் குடாவுக்குள் நுழைந்தது. அவரேதான். மெலிந்திருந்தார். துடுப்பை முன்னைவிட மெதுவாகப் போட்டார். இன்றைக்கு அவரைக் கொஞ்ச நேரமாவது நிறுத்தி வைத்துப் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று மார்னி முடிவு செய்தாள்.

ஆனால் ஏரிக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவர் மீன்கூட்டத்தின் மேல் படகை நிறுத்தியிருந்தால் மற்றவர் கல்லெறி தூரத்துக்குள் வரமாட்டார். அவரும் வழக்கம்போலத் துடுப்பைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடாவின் முனையைச் சுற்றிப் போகத் திரும்பினார்.

“ஐயா!” என்று கத்தினாள். குரல் கீச்சென்று வந்தது. “மீன் இங்கதான் நிக்குது! பதினாறு அடில!”

துடுப்பு நின்றது. பெரியவர் சிரித்தார்.

“பதினாறா? சரிம்மா, சரி.”

கல்லெறி தூரத்தில், மூழ்கிய மரங்களின் மறு ஓரத்தில் கயாக்கை நிறுத்தினார். அவர் நின்றதே மார்னிக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அவர் தூண்டில் நரம்பை அளப்பதைப் பார்த்ததும் மனம் துணுக்கென்றது. ராட்டையிலிருந்து கை நீட்டி ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டடி. அவர் நாலு இழுப்போடு நிறுத்தித் தக்கை நிற்க வேண்டிய இடத்தில் முடிச்சுப் போட்டார்.

எட்டு அடி.

இந்த ஏரியில் யாரும் ஆழத்தை உண்மையாகச் சொன்னதில்லை. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதும் இல்லை. காதில் விழுந்ததைப் பாதியாக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கிராப்பியோ கூட்டமாக ஒரே ஆழத்தில் நிற்கும் மீன். இரை நாலடி தள்ளி நின்றால் ஏறெடுத்தும் பார்க்காது. மார்னிக்கு இதெல்லாம் தெரியும். அவரை நிறுத்தும் அவசரத்தில் மறந்துபோயிற்று.

அவளுடைய தக்கை அமிழ்ந்தது. ஒரு மீன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அவர் பக்கம் ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது முறை தக்கை அமிழ்ந்தபோது அவள் வேண்டுமென்றே பார்க்காததுபோல் இருந்தாள். மீன் தானாகவே மாட்டிக்கொண்டு கோலை வளைத்தது.

“என்னம்மா, அங்க குடும்பத்தோட குடியிருக்கு போல! இங்க ஒண்ணுகூட எட்டிப் பாக்கல!”

“ஐயா, நான் நெசமாத்தான் சொன்னேன்! பதினாறு!”

“ஆமாமா. நானும் நாப்பது வருஷமா நெசமாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“கோவிச்சுக்காதீங்க...”

“கோவம் எதுக்கு? நானா இருந்தா முப்பதுன்னு சொல்லியிருப்பேன். நீ நல்ல பொண்ணு, பதினாறோட விட்டுட்ட.”

சொல்லிக்கொண்டே நரம்பைச் சுற்றத் தொடங்கினார். கோலைப் பின்னால் செருகினார். துடுப்பை எடுத்தார். இனி முனையைத் தாண்டிவிடுவார். மறுபடி எப்போது வருவார், வருவாரா என்று யாரிடம் கேட்பது?

மார்னி நங்கூரத்தைத் தூக்கினாள். பிறகு அந்த ஏரியில் யாரும் செய்யாததைச் செய்தாள். கடித்துக்கொண்டிருக்கும் மீன்கூட்டத்துக்கு மேலேயே துடுப்புப் போட்டு நேராக அவரை நோக்கிப் போனாள்.

“ஏய், ஏய்! மீனெல்லாம் கலைஞ்சிரும்! பைத்தியமா உனக்கு?”

அவள் கயாக் அவருடையதில் இடித்து நின்றது. தன் கோலை நீட்டினாள்.

“இது எதுக்கு?”

“இதைப் புடிங்க. முடிச்சு போட்டபடியே இருக்கு. நீங்க அளக்க வேணாம். அப்படியே எறக்குங்க.”

பெரியவர் கோலை வாங்கினார். இறக்கவில்லை. தூண்டில் முள்ளிலிருந்து முடிச்சு வரை கை நீட்டி அளந்தார். ஓர் இழுப்பு, இரண்டு இழுப்பு, அதற்கும் மேலே. நாலைத் தாண்டியபோது புருவம் உயர்ந்தது. முடிச்சு விரலில் தட்டியதும் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“பதினாறேதான்,” என்றார். “அடி பாவி மகளே. இப்படி யாராவது சொல்லுவாங்களா?”

இருவரும் மூழ்கிய மரங்களுக்கு மேல், மீன் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தார்கள். கயாக்குகள் விலகாமலிருக்க அவர் ஒரு கையால் அவளுடையதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கலைந்த கூட்டம் திரும்பச் சற்று நேரமாயிற்று. பிறகு தக்கை சத்தமில்லாமல் இறங்கியது.

“வெட்டி இழுக்காதீங்க, அதோட உதடு காகிதம் மாதிரி...”

“அதையுமா சொல்லித் தர்ற?”

மெல்லத் தூக்கினார். கரும்புள்ளி தெளித்த வெள்ளி மீன், உள்ளங்கையைவிடப் பெரியது. அவர் அதை உடனே பைக்குள் போடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“நவம்பர்ல நெஞ்சைத் திறந்து வால்வு மாத்துனாங்க,” என்றார். “தனியா தண்ணிக்குப் போகவே கூடாதுன்னு மக கண்டிப்பா சொல்லிட்டா. ஃபீனிக்ஸ்ல இருக்கா.”

“அப்புறம் எப்படி வந்தீங்க?”

“கூட ஒரு ஆள் வருதுன்னு சொல்லியிருக்கேன்.”

மார்னி சுற்றிலும் பார்த்தாள். பெரியவர் சிரித்தார்.

“ஆள் ஏது? நம்ம ஆழம் சொல்ற மாதிரிதான். ஆனா அவ விடல. நேத்து போன் பண்ணி, அந்த ஆள் பேர் என்னப்பான்னு கேட்டா. திருதிருன்னு முழிச்சேன். சிக்னல் சரியில்லன்னு வெச்சுட்டேன்.” மீனைப் பைக்குள் விட்டார். “இன்னிக்கு மறுபடியும் கேப்பா. என்ன பேர்னு சொல்லட்டும்?”

சுரங்கத்தில் அவளை யாராவது கூப்பிட்டால் பெயரைச் சொல்லாமல் விளக்கை அணைத்துப் போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

“மார்னி.”

“மார்னி,” என்றார் அவர். “எம் பேரு ஹாலிஸ்.”

நடுப்பகலானால் பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்பும். இன்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. நீர் சுருக்கம் விழுந்து, பிறகு அலையாயிற்று. கயாக்கில் இருப்பவர்கள் அதற்கு மேல் நிற்கக்கூடாது. அவருடைய படகுத்துறை தென்கரையில், அவளுடையது வடகரையில். ஹாலிஸ் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கயாக்குகளும் தாமாகவே விலகின.

மார்னி உடனே கிளம்பவில்லை. அலைக்கு எதிராக முகப்பை வைத்து, துடுப்பால் தாங்கிக்கொண்டு, தலையைத் திருப்பித் தென்கரையைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் மடியில் அடித்தது. குளிர்ந்தது. பச்சைக் கயாக் அலைகளுக்கு நடுவே மறைந்து மறைந்து தெரிந்தது. ஓரிடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டதுபோல் பட்டது, பிறகு நகர்ந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. கடைசியில் தென்கரைச் சரிவில் ஒரு சின்ன உருவம் பச்சைக் கயாக்கை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது.

அதன் பிறகுதான் தன் கரையைப் பார்த்துத் திரும்பினாள். போக வேண்டிய தூரம் முழுவதும் எதிர்காற்று.